உள்மூலைக்குள் போகாத பிட்

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கார்னிஸ் இழுக்கும் கொத்தனாரைப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டிய வடிவத்தைத் தகரத்தில் வெட்டி ஒரு கட்டையில் அறைந்துகொள்வார். ஈரச் சாந்தின் மேல் அதை வைத்து, சுவரில் அடித்த ரீப்பரை ஒட்டியே இழுத்துக்கொண்டு போவார். தகரத்தின் விளிம்பு எப்படியோ, சாந்தும் அப்படியே நிற்கும்.

படச் சட்டத்துக்கு சிஎன்சி ரவுட்டரில், அதாவது கணினி சொல்லும் வழியில் மரத்தைச் செதுக்கும் இயந்திரத்தில், மோல்டிங் என்னும் மேடு பள்ள அலங்கார விளிம்பை எடுப்பதும் ஏறக்குறைய இதே வேலைதான். வெக்ட்ரிக் நிறுவனத்தின் வீகார்வ் ப்ரோ, ஆஸ்பயர் மென்பொருள்களில் இதற்கென்றே மோல்டிங் டூல்பாத் (வெட்டும் பாதை) உண்டு. அது இரண்டு கோடுகளைத்தான் கேட்கும். தகரத்தின் இடத்தில் ஒரு குறுக்குவெட்டுக் கோடு, ரீப்பரின் இடத்தில் 'டிரைவ் ரெயில்' என்கிற பாதைக் கோடு. ரெயிலை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும், குறுக்குவெட்டை அடுத்து. சட்டத்துக்கு ரெயில் என்பது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். முப்பரிமாண மாதிரி எதையும் தனியாகச் செய்ய வேண்டாம். அந்த இரண்டு கோடுகளிலிருந்தே பிட், அதாவது சுழன்று வெட்டும் முனை, போக வேண்டிய வழியை மென்பொருள் கணக்கிட்டுவிடும்.

ரெயிலுக்குத் திசை உண்டு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. அம்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் நான் முதன்முதலில் போட்ட சட்டத்தில், படத்தைச் சுற்றி வெளியே போக வேண்டிய மோல்டிங் உள்ளே போய்ப் படத்துக்கான இடத்தையே தின்றுவிட்டது. நல்லவேளை, திரையில் ஓட்டிப் பார்க்கும்போதே தெரிந்தது. ரெயிலின் திசையைத் திருப்பினால் சரியாகிவிடும்.

கொத்தனாரின் தகரம் முழு வடிவத்தையும் ஒரே இழுப்பில் எடுத்துவிடும். ரவுட்டருக்கு அந்த வசதி இல்லை. அதன் கையில் இருப்பது பால் நோஸ் பிட், அதாவது உருண்டை முனை. அது ஒரு தடவைக்கு ஒரு மெல்லிய கோட்டைத்தான் சீவும். அதனால் சட்டத்தை ஒரு முறை சுற்றி வந்து, சற்றே தள்ளி மறுபடி சுற்றும். தள்ளும் அந்தத் தூரம்தான் ஸ்டெப்ஓவர்.

அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ஒரு குட்டி வரப்பு நின்றுவிடும். அதன் உயரத்துக்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: ஸ்டெப்ஓவரின் வர்க்கத்தை, முனையின் ஆரத்தைப் போல் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிட்டின் ஆரம் 3. ஸ்டெப்ஓவர் 0.6 என்றால் வரப்பு 0.015 மில்லிமீட்டர், உப்புத்தாள் இரண்டு தேய்ப்பில் எடுத்துவிடும். 1.2 என்று வைத்தால் 0.06. தள்ளுவது இரண்டு மடங்கானால் வரப்பு நான்கு மடங்கு.

சரி, நேரம்? வெளி அளவு 400க்கு 300, அகலம் 50 மில்லிமீட்டர் உள்ள சட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுக்கோட்டில் ஒரு சுற்று 1,200 மில்லிமீட்டர். மேடு பள்ளத்தோடு சேர்த்து அளந்தால் குறுக்குவெட்டின் நீளம் 60 என்று வைத்தால், 0.6 ஸ்டெப்ஓவரில் 100 சுற்று, மொத்தம் 120 மீட்டர். நிமிடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம். உண்மையில் இன்னும் கூடும். ஒவ்வொரு மூலையிலும் இயந்திரம் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டுமே, 100 சுற்றுக்கு 400 திருப்பம்! இதற்கு முன்னால் எண்ட் மில் என்கிற தட்டை முனை பிட்டைப் போட்டுப் பெருவாரியான மரத்தைக் கழித்துவிட வேண்டும் என்பதும் இருக்கிறது.

இவ்வளவு சுற்றுவதற்குப் பதில், வயல் உழுவது போல நேர்கோட்டில் போய்ப் போய் வரலாமே என்று தோன்றும். போகலாம். ஆனால் சட்டத்தின் இரண்டு பக்கங்களில் பிட் மோல்டிங்கை ஒட்டி ஓடும், மற்ற இரண்டில் மேடு பள்ளத்தின் குறுக்கே ஏறி இறங்கும். அங்கே வரப்புகளும் குறுக்கே விழுவதால், தேய்க்கப் போனால் மோல்டிங்கின் கூர்மையான ஓரங்கள் மழுங்கிவிடும். ஒட்டி ஓடும் பக்கங்களிலும் சிக்கல்தான். ஸ்டெப்ஓவரை மேலிருந்து பார்த்து அளப்பதால், 60 டிகிரி சரிவில் 0.6 என்பது பரப்பின் மேல் 1.2 ஆக விரிந்துவிடும். ரெயிலைச் சுற்றிப் போகும்போது வரப்புகள் நான்கு பக்கமும் மோல்டிங்கின் போக்கிலேயே இருக்கும், உப்புத்தாளும் அதே போக்கில் ஓடும்.

பிட்டின் நுனி, குறுக்குவெட்டுக் கோட்டின் மேலேயே நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 45 டிகிரி சரிவில் 6 மில்லிமீட்டர் உருண்டை முனை மரத்தைத் தொடும் இடம், பிட்டின் அச்சிலிருந்து 2.12 மில்லிமீட்டர் பக்கவாட்டில் இருக்கும். நுனியோ தொடும் புள்ளிக்கு 0.88 மில்லிமீட்டர் கீழே. இதையெல்லாம் புள்ளிக்குப் புள்ளி கணக்குப் போட்டுத்தான் மென்பொருள் பாதையைத் தள்ளி வைக்கிறது.

இனி மூலை. முற்றம் வைத்த ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். தெருப் பக்கம் சாயும் கூரைகள் மூலையில் சேரும் இடம் மேடாக நிற்கும். முற்றத்துப் பக்கம் சாயும் கூரைகள் சேரும் இடம் பள்ளம், மழைத் தண்ணீர் வழிவது அதில்தான். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் சட்டமும் அச்சு அசலாக இப்படித்தான். வெளிச்சரிவின் மூலை மேட்டை பிட்டால் கத்தி போலக் கூர்மையாக எடுத்துவிட முடியும். ரெயில் உள்விளிம்பில் இருந்தால் ஷார்ப் கார்னர்ஸ் என்ற தெரிவைப் போட வேண்டும், இல்லாவிட்டால் மூலை விசிறி போல வளைந்துவிடும். உள்சரிவின் பள்ளத்தில் எந்தத் தெரிவும் உதவாது. 3 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டை அதைவிடக் கூர்மையான மடிப்புக்குள் போகாது, மூலை குழைவாகவே நின்றுவிடும்.

சின்ன பிட் போடலாம். ஆரத்தைப் பாதியாக்கினால் குழைவும் பாதியாகும். ஆனால் அதே வரப்பு உயரத்துக்கு ஸ்டெப்ஓவரை 0.42க்கு இறக்க வேண்டும், சுற்றுகள் 140ஐத் தாண்டும். நாலு மூலைக்காக இது கட்டாது என்பது என் எண்ணம். கொத்தனாரும் தகரம் எட்டாத உள்மூலையைக் கரண்டியால் கையாலேதான் முடிக்கிறார். மூலையில் 45 டிகிரிக்கு ஒரு கோட்டைக் கத்தியால் கீறிவிட்டு, இரு சரிவிலிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி உளியால் மெல்லச் சீவுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை என்றால் உளியை நன்றாகத் தீட்டிக்கொள்ள வேண்டும், மொன்னை உளி பட்டால் நார் பிசிறுபிசிறாக எழும்பி, பெயின்ட் அடித்த பிறகும் தெரியும்.