ஒரு நாள் கூட்டமும் மறுநாள் வேலையும்

எங்கள் உள்ளூர்ப் பத்திரிகை முதன்முதலாக நடத்திய மக்கள் சந்திப்பில் 6 அமர்வுகள் வைத்திருந்தோம். குடிநீர், பள்ளிகள், மருத்துவமனை, குப்பை, வேலைவாய்ப்பு, நில ஆவணங்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்த தலைப்புகள். ஒவ்வோர் அமர்வுக்கும் ஓர் அதிகாரி, ஒரு துறை வல்லுநர், எங்கள் நிருபர் ஒருவர். காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடித்தோம். அரங்கு நிறைந்திருந்தது, கைதட்டல் இருந்தது. நல்லபடியாக நடந்தது என்றுதான் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை, வாசலில் வைத்திருந்த கேள்விப் பெட்டியை மேசைமேல் கொட்டினோம். பிரிக்கப் பிரிக்க, மூன்றில் ஒரு அட்டை பேருந்தைப் பற்றி இருந்தது. மாலை ஆறரை வண்டி ஏன் நின்றுபோயிற்று? பள்ளி விடும் நேரத்துக்கு ஏன் பேருந்தே இல்லை? 'மூன்று வருஷமாகக் கேட்கிறேன்' என்று தொடங்கிய ஓர் அட்டையில் எழுத்து நடுங்கியிருந்தது. எங்கள் ஆறு தலைப்புகளில் போக்குவரத்தே கிடையாது. ஆசிரியர் குழுவில் இருந்த அத்தனை பேரும் சொந்த வண்டியில் அலுவலகம் வருகிறவர்கள்.

அன்று உறைத்ததை வைத்துத்தான் இன்றுவரை இந்தக் கூட்டங்களை நடத்திவருகிறேன். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு நாள் முழுக்க மக்களை அழைத்து உட்காரவைக்கிறது என்றால், அன்று எதைப் பேசுவது என்பதை அந்த மக்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். பேசியது என்ன ஆயிற்று என்று பத்திரிகை பிறகு கணக்குக் காட்ட வேண்டும். கூட்டம் நடத்துகிறவர்களைவிட, அழைப்பு வந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1988 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது செய்தி முழுவதும் வேட்பாளர்களின் வசைகளாகவும் பிரச்சார உத்திகளாகவுமே போய்விட்டதில் மனம் கசந்தவர்களில் ஒருவர் டேவிஸ் மெரிட். கான்சாஸ் மாநிலத்தின் 'விசிட்டா ஈகிள்' நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தவர். 1990இல் மாநில ஆளுநர் தேர்தல் வந்தபோது, வாக்காளர்களுக்கு எவையெல்லாம் முக்கியம் என்று முதலில் விசாரித்து, அவற்றில் ஒவ்வொரு வேட்பாளரும் என்ன சொல்கிறார் என்று தொடர்ந்து வெளியிட்டார். 1992இல் வட கரோலினாவின் 'சார்லட் அப்சர்வர்' சுமார் 1,000 பேரிடம் கருத்துக் கேட்டு, மக்களின் நிகழ்ச்சி நிரல் என்றே ஒன்றைத் தயாரித்தது. அதில் சுற்றுச்சூழல் பற்றி வந்த கேள்விக்கு, அப்போது செனட் உறுப்பினராக இருந்த டெர்ரி சான்ஃபோர்ட், இப்போது பதில் இல்லை, கட்சிக்குள் நடக்கும் தேர்தல் முடியட்டும் என்றார். ஆசிரியர் ரிச் ஓப்பெல் அதற்கு, சரி, உங்கள் பெயருக்குக் கீழே வெற்றிடம் விட்டு அச்சடித்துவிடுகிறோம் என்று சொன்னார். பதில் வந்து சேர்ந்தது.

நாங்களும் இதைப் பின்பற்றுகிறோம். வருவதாகச் சொல்லி வராத துறையின் நாற்காலியை, பெயர்ப்பலகையோடு மேடையிலேயே விட்டுவைப்போம். ஆனால் அப்படிச் செய்யப்போகிறோம் என்பதை இரண்டு வாரம் முன்பே கடிதத்தில் எழுதிவிடுவோம். சொல்லாமல் செய்தால் அது அவமானப்படுத்துவது.

சிகாகோவின் டபிள்யூபிஈஇசட் வானொலி 2012இல் தொடங்கிய 'கியூரியஸ் சிட்டி' இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெனிஃபர் பிராண்டல் உருவாக்கிய நிகழ்ச்சி அது. கேள்வியை நேயர்கள் அனுப்புவார்கள், எதைத் துப்புத் துலக்குவது என்று நேயர்களே வாக்களிப்பார்கள், கேட்டவர் நிருபரோடு சேர்ந்து விடை தேடிப் போகவும் முடியும். இப்போது கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எங்கள் கேள்வி அட்டைகள் வெளியே போய்விடுகின்றன. பேருந்து நிலையம், மருத்துவமனையில் புறநோயாளிகள் காத்திருக்கும் இடம், நூலகம், பள்ளி வாசல். செல்போனில் மட்டும் கேட்டால், செல்போனில் எழுதிப் பழகியவர்களின் கேள்விகள் மட்டுமே வரும். எழுதத் தெரியாதவர் சொல்வதைத் தன்னார்வலர் ஒருவர் எழுதிக்கொள்வார். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்பது கண்டிப்பான விதி. 'தண்ணி நாறுது' என்று சொன்னதை 'குடிநீரின் தரம் குறைந்துள்ளது' என்று மாற்றிவிட்டால், எந்தக் குழாய், என்ன நாற்றம் என்று கேட்கத் தோன்றாது.

ஒரு நாள் முழுக்க எதற்கு, இரண்டு மணி நேரம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். காலையில் வருகிறவர்கள் கோபத்தோடு வருகிறார்கள். அது இறங்கவே மதியம் ஆகிவிடுகிறது. உருப்படியான பேச்சு மூன்று மணிக்கு மேல்தான் தொடங்கும் என்பது என் அனுபவம். அதோடு, நிருபர்கள் குறைந்துபோன காலம் இது. அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில் என்ன நடக்கிறது என்று பெங்ஜியே காவ், சாங் லீ, டெர்மட் மர்ஃபி என்ற மூன்று ஆய்வாளர்கள் 1996 முதல் 2015 வரையிலான கணக்குகளைப் பார்த்தார்கள். உள்ளாட்சிகள் கடன் வாங்கும்போது கொடுக்கும் வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. சிறிய எண்போலத் தெரியும். பள்ளிக் கட்டடத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் வாங்கி இருபது முப்பது ஆண்டு கட்டும் கடனில் அது பெரிய தொகை, அதைக் கட்டுவது வரி செலுத்துகிறவர்கள். கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் கடன் கொடுப்பவர்களும் கூடுதலாக அஞ்சுகிறார்கள். சிகாகோவின் 'சிட்டி பியூரோ' அமைப்பு ஊர்வாசிகளுக்கே பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு அனுப்பிக் குறிப்பெடுக்கவைக்கிறது. அப்படிக் குறிப்பெடுக்கத் தயாராக இருக்கிறவர்களை நான் கண்டுபிடிப்பதும் இந்த நாள் முழுக்கக் கூட்டங்களில்தான்.

இனி, வருகிறவர் என்ன கொண்டுவர வேண்டும் என்பதற்கு வருகிறேன். மனத்தாங்கலோடு வாருங்கள், தவறில்லை. கூடவே ஒரு தேதியையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவாருங்கள். 'எங்கள் தெருவில் சாக்கடை வழிகிறது, யாருமே கவனிப்பதில்லை' என்று எழுந்து சொன்னால், மேடையில் இருப்பவர் வருத்தம் தெரிவித்துவிட்டு, கவனிக்கிறோம் என்று உட்கார்ந்துவிடுவார். 'போன ஜூன் மாதம் மனு கொடுத்தேன், இதோ ஒப்புகைச் சீட்டு. சாலைத் துறை இது நகராட்சி வேலை என்கிறது, நகராட்சி இது சாலைத் துறை வேலை என்கிறது. இந்த வாய்க்கால் யாருடைய பொறுப்பில் இருக்கிறது?' என்று கேட்டால் அவர் தப்பிக்க முடியாது. எங்களிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இப்படி இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே விழுந்து கிடப்பவை. அதனால் ஒரே அமர்வில் இரண்டு துறையையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைக்கிறோம். பல மாதக் கடிதப் போக்குவரத்து பத்து நிமிடத்தில் முடிவதைப் பார்த்திருக்கிறேன்.

காகிதம் இல்லாதவர்களுக்கு அரங்கிலேயே ஒரு மேசை போட்டு, தகவல் கேட்டு விண்ணப்பம் எழுத உதவுகிறோம். ஸ்வீடன் 1766இலேயே இதற்குச் சட்டம் போட்டது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த மேசையில் கூட்டம் குறைவாகவே இருக்கும், ஆனால் மாலைக்குள் அங்கே எழுதப்படும் பத்துப் பதினைந்து விண்ணப்பங்களிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்கான செய்திகள் எனக்குக் கிடைத்துவிடும்.

அடுத்தது மைக். மைக்கைச் சபையில் விட்டால் அது முதல் மூன்று வரிசையைத் தாண்டாது. கேள்வி கேட்பதாக எழுந்து ஏழு நிமிடம் சொற்பொழிவு செய்கிறவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். 10 நாடுகளில் 247 கல்விக் கருத்தரங்குகளைக் கவனித்து 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஆண்கள் கேள்வி கேட்பது பெண்களைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று கண்டது. முதல் கேள்வியை ஆண் கேட்ட கூட்டங்களில் பெண்கள் கேட்பது இன்னும் குறைந்திருந்தது. படித்த நாள் முதல் எங்கள் நெறியாளர்களுக்கு ஒரு வேலை சொல்லிவைத்திருக்கிறேன்: எல்லா அமர்விலும் முதல் வாய்ப்பு ஒரு பெண்ணுக்கு, இரண்டாவது பின்வரிசைக்கு. கேள்வி நேரம் என்று அறிவித்ததும் மைக்கை நீட்டக் கூடாது. இரண்டு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் 'இதை நீங்கள் கேளுங்களேன்' என்று சொன்ன பிறகு எழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த இரண்டு நிமிடம் அமைப்பாளர்களுக்கு வீணாகத் தெரியும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது சொல்லப்போவது எனக்கு வலிக்கிற விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒரு பெண்மணி எழுந்து, தனக்கு மூன்று மாதமாகக் கூலி பாக்கி என்றார். அரங்கமே அமைதியாகக் கேட்டது. மறுநாள் பெயரோடும் படத்தோடும் வெளியிட்டோம். இரண்டு வாரம் கழித்து அவர் அலுவலகத்துக்கு வந்தார். வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கோபப்படவில்லை, 'பேப்பர்ல வரும்னு நெனைக்கலை' என்று மட்டும் சொன்னார். நாங்கள் எந்தத் தொழில் விதியையும் மீறவில்லை. திறந்த கூட்டத்தில் சொன்னது வெளியிடத்தக்கது. ஆனால் அந்த விதி எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அதை அவருக்குச் சொல்லாதது எங்கள் தவறு.

ஆகவே இதை நன்றாக நினைவில் வையுங்கள். பத்திரிகை கூட்டும் திறந்த கூட்டத்தில் எழுந்து பேசினால் அது பெயரோடு அச்சில் வரலாம், காணொளியில் வரலாம், பத்து வருடம் கழித்துத் தேடினாலும் கிடைக்கலாம். பின்னால் விளைவு வரக்கூடிய விஷயம் என்றால், பேசுவதற்கு முன் நிருபரைத் தனியே சந்தியுங்கள். முதலில் நிபந்தனையைச் சொல்லி அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு 'இதை எழுதாதீர்கள்' என்றால் அது வேண்டுகோள் மட்டுமே. சில சிறிய அமர்வுகளில் சாதாம் ஹவுஸ் விதி என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள சாதாம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927இல் வகுத்தது. கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். அறிவிக்காவிட்டால் அப்படி ஒன்று அங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எங்கள் வாசலில் அடையாள அட்டைக்கு இரண்டு நிறத்தில் கயிறு கொடுக்கிறோம். சிவப்புக் கயிறு அணிந்தவரைப் படம் எடுக்க மாட்டோம். குழந்தைகளுக்குச் சிவப்பு மட்டும்தான்.

இன்னொன்று, ஒருவரின் பெயரைச் சொல்லி 'அவர் லஞ்சம் வாங்குகிறார்' என்று மைக்கில் குற்றம் சாட்டினால், பல நாடுகளில் அவதூறு வழக்கு உங்கள்மேலும் வரும், பத்திரிகைமேலும் வரும். உங்களுக்கு நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள், அதற்குமேல் விசாரிப்பது எங்கள் வேலை.

அரங்குக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் யார் கொடுத்தார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். 2009இல் 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை, தன் பதிப்பாளர் வீட்டில் அதிகாரிகளும் செய்தியாளர்களும் கலந்துகொள்ளும் விருந்துகளுக்கு 25,000 டாலரிலிருந்து 2,50,000 டாலர் வரை புரவலர் கட்டணம் குறித்து, பேசியது எதுவும் வெளியே வராது என்ற உறுதியோடு துண்டறிக்கை தயாரித்தது. விஷயம் வெளியானதும் பெரும் கண்டனம் எழுந்து, விருந்துகள் ரத்தாயின. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே இந்தச் சறுக்கல் நேர்ந்திருக்கிறது. குப்பை பற்றிய அமர்வுக்குக் குப்பை அள்ளும் ஒப்பந்த நிறுவனமே ஸ்பான்சர் என்றால், அது அழைப்பிதழிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, அந்த அமர்வுக்கு அந்தப் பணத்தை வாங்கவே கூடாது என்பது என் கட்சி. எங்கள் விளம்பரப் பிரிவோடு இதற்காக ஒவ்வொரு தடவையும் வாதாடுகிறேன். சில தடவை அரங்கைச் சிறியதாக்கிக்கொண்டோம்.

கடைசி அரை மணி நேரத்தில் பேச்சாளர் யாரும் கிடையாது. அன்று மேடையில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்கிறோம்: யார் சொன்னார், எதைச் செய்வதாகச் சொன்னார், எந்தத் தேதிக்குள். அதிகாரி அங்கேயே திருத்தலாம். 'விரைவில்' என்ற சொல்லை நாங்கள் எழுதிக்கொள்வதில்லை, தேதி கேட்போம். அந்தப் பட்டியல் மறுநாள் இதழில் முழுதாக வரும். பிறகு 30ஆம் நாள், 90ஆம் நாள் மறுபடி வரும், நடந்தது நடக்காதது இரண்டோடும். பதில் எழுதாமல் எங்களிடமே தங்கிவிட்ட கேள்விகளும் அதே பக்கத்தில் வரும். இதுதான் இருப்பதிலேயே சலிப்பூட்டும் வேலை. இளம் நிருபர்கள் யாரும் விரும்பிக் கேட்டு வாங்குவதில்லை. அதனால் அதை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆறரை மணிப் பேருந்தை அப்படித்தான் துரத்தினோம். விண்ணப்பம் போட்டு, இரண்டு மாதம் கழித்து உத்தரவின் நகல் கிடைத்தது. வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பியிருந்தார்கள். 'தற்காலிக ஏற்பாடு' என்று எழுதியிருந்தது, முடிவு தேதி இல்லை. அடுத்த கூட்டத்தில் முதல் அமர்வே போக்குவரத்து. நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்த பெரியவர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, 'தற்காலிகம்னா எத்தனை நாளுங்க?' என்று கேட்டார். அதிகாரி பக்கத்தில் இருந்தவரோடு கலந்து பேசி ஒரு தேதி சொன்னார். எழுதிக்கொண்டோம். சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதமாகக் அதே தடத்தின் காலை வண்டி மட்டும் திரும்பி வந்தது. மாலை வண்டி இன்னும் வரவில்லை, பட்டியலில் நான்காவது வரியாக நிற்கிறது.