வெண்பொருள்: ‘வெள்ளை விஷயம்’ அல்ல, ‘வெண்சடம்’ அல்ல

மூளையைப் பற்றிய கட்டுரைகளில் ‘வெள்ளை விஷயம் சேதமடைதல்’ என்று இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? மேட்டர் என்றால் விஷயம் என்று இயந்திரம் மொழிபெயர்க்கிறது, கீழே பெயர் போட்டுக்கொள்பவர் அதை ஒருமுறை வாசித்துக்கூடப் பார்ப்பதில்லை.

மூளையில் நரம்பிழைகள் நிறைந்த பகுதிக்கு ஆங்கிலத்தில் ஒயிட் மேட்டர், லத்தீனில் சப்ஸ்டான்ஷியா ஆல்பா. வெண்ணிறப் பொருள், அவ்வளவுதான். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்புறை தரும் நிறம் அது. மயலின் என்று 1854-இல் பெயரிட்டவர் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ. மஜ்ஜையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்கு வேர்.

சரி, தமிழில்? ‘வெண்சடம்’ என்கிறார்கள் சிலர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சடம் என்றால் உயிரற்றது, அசையாதது. ‘ஜடம் மாதிரி நிற்காதே’ என்று திட்டுகிறோம். இயற்பியலிலும் சடத்துவம் என்பது தானாக நிலை மாறாத தன்மை. வெண்பொருளின் வேலையோ மூளையின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி கடத்துவது. மயலின் உறையுள்ள தடித்த நரம்பிழையில் மின்துடிப்பு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தைத் தொடும். உறையில்லாத மெல்லிழையில் ஏறக்குறைய 1 மீட்டர்தான். இதற்கா சடம் என்று பெயர்?

‘வெள்ளைப் பொருள்’ என்று பிரித்து எழுதுவதும் ஆபத்துதான். ‘மூளையில் வெள்ளைப் பொருள் மாற்றங்கள்’ என்று படிப்பவர், ஏதோ வெள்ளையாக உள்ளே படிந்துவிட்டது என்றே நினைப்பார். போதாக்குறைக்கு, எம்ஆர்ஐ ஸ்கேனின் டி2 வகைப் படங்களில் நல்ல வெண்பொருள் கருமையாகவும், பாதிக்கப்பட்ட இடம் வெண்புள்ளியாகவும் தெரியும். வெள்ளைதான் நோய் என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். சேர்த்து ‘வெண்பொருள்’ என்று எழுதினால் அது மூளையின் ஒரு பகுதிக்குப் பெயராகிவிடும். கிரே மேட்டருக்கு ‘சாம்பல்பொருள்’ என்ற இணையும் பொருந்தி நிற்கும்.

அப்புறம், இதே கட்டுரைகளில் வரும் ‘அறிவு மங்குதல்’. வெண்பொருள் பாதிப்பில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது சிந்தனையின் வேகமும், திட்டமிட்டுச் செய்யும் திறனும். பதில் தெரியும், வர நேரமாகும். அப்படிப்பட்டவரைப் பற்றி ‘அறிவு மங்கிவிட்டது’ என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, கொடுமை. ‘வெண்பொருள் பாதிப்பால் சிந்தனை வேகம் குறைந்துள்ளது’ என்று எழுத என்ன தடை?