இளம் வயதுப் புற்றுநோய்: கிராமங்களில் தொலைந்துபோகும் மாதங்கள்

"வலிக்கவில்லை டாக்டர், அதனால்தான் விட்டுவிட்டேன்." கிராமங்களிலிருந்து வரும் இளம் நோயாளிகளிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். அதற்கு அடுத்தபடியாகக் கேட்பது, "முப்பது வயதுதானே, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்பது. முதலாவது நோயாளியின் நம்பிக்கை. இரண்டாவது, அவரைப் பார்த்த மருத்துவரோ மருந்துக்கடைக்காரரோ உறவினரோ கொடுத்த நம்பிக்கை. இரண்டும் சேர்ந்துகொண்டால் ஆறு மாதம் போவதே தெரியாது. தொடக்க நிலையில் புற்றுநோய்க் கட்டிகள் பெரும்பாலும் வலிப்பதில்லை. தொட்டால் சுளீரென்று வலிக்கும் கட்டிக்குப் பல நேரங்களில் சீழோ அழற்சியோதான் காரணம். வலியே இல்லாமல் மெல்ல வளரும் கட்டியைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன்.

இளம் வயதினரிடையே புற்றுநோய் உண்மையிலேயே கூடுகிறதா என்று பலர் கேட்கிறார்கள். கூடுகிறது. உலக அளவில் 50 வயதுக்குள் புதிதாகக் கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் எண்ணிக்கை 1990க்கும் 2019க்கும் இடையில் சுமார் 79 சதவீதம் உயர்ந்ததாக 2023இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்த எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டாம். அதே காலத்தில் மக்கள்தொகை பெருகியது, ஸ்கேன் வசதியும் பெருகியது. முன்பு யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கக்கூடிய சிறு தைராய்டு கட்டிகள் இப்போது கணக்கில் ஏறுகின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களின் உயர்வை மட்டும் அப்படி விளக்கிவிட முடியாது. அமெரிக்காவில் 1990 வாக்கில் பிறந்தவர்களை, 1950 வாக்கில் பிறந்தவர்கள் அதே வயதில் இருந்த நிலையோடு ஒப்பிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்காகவும் மலக்குடல் புற்றுநோய் அபாயம் நான்கு மடங்காகவும் இருந்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த நாட்டில் குடல் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை 2021இல் 50லிருந்து 45ஆகக் குறைத்தார்கள். உடல் பருமன், அசையாத வாழ்க்கை, மது, பதப்படுத்திய இறைச்சி ஆகியவை தெரிந்த காரணங்கள். குடலில் வாழும் சில ஈ.கோலை பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சின் தடயங்கள், 40 வயதுக்கு முன்பே இந்த நோய் வந்தவர்களின் கட்டிகளில், 70 வயதைத் தாண்டியவர்களின் கட்டிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல் அதிகமாக இருப்பதாக 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. இத்தனைக்குப் பிறகும் பெரும்பாலான புற்றுநோய்கள் 50 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் வருகின்றன. இளைஞர் ஒருவருக்கு வரும் வாய்ப்பு குறைவு. குறைவு என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து.

கிராமத்துக் கணக்கு என்று வரும்போது இன்னும் கவனம் தேவை. நோய் வீதம் என்பது இவ்வளவு மக்களில் இவ்வளவு பேருக்கு என்ற விகிதம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கிராமங்களில் இந்த இரண்டுமே ஆட்டம் காண்கின்றன. இருபத்தைந்து வயதில் வேலை தேடி நகரத்துக்குப் போனவர் அங்கேயே நோய் கண்டறியப்பட்டு, அங்கே தங்கியிருந்த அறையின் முகவரியோடு பதிவாகிறார். திசுப் பரிசோதனை செய்யாமலே இறந்துபோனவர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே, கிராமத்தில் புற்றுநோய் குறைவு என்று ஒரு பட்டியல் சொன்னால், நோய் குறைவா, கண்டுபிடித்தல் குறைவா என்று கேட்காமல் அதை நம்பக் கூடாது. உடலுழைப்பும் திறந்த வெளியும் இருக்கும் இடத்தில் இந்த நோய் எப்படி வரும் என்று பேசுபவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மறுபக்கமும் உண்டு. சின்ன ஊரில் ஓர் ஆண்டில் இரண்டு பேருக்கு வந்து, அடுத்த ஆண்டில் நான்கு பேருக்கு வந்தால் 'இரட்டிப்பு' என்று சொல்லிவிடலாம். அது தற்செயலாகவும் இருக்கலாம். "எங்கள் தெருவிலேயே இத்தனை பேர், தண்ணீரில் ஏதோ இருக்கிறது" என்று கவலையோடு வருபவர்களை நான் ஒருபோதும் தட்டிக்கழிப்பதில்லை. அவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்த வகைப் புற்றுநோய் என்பதை. புற்றுநோய் என்பது ஒரே நோய் அல்ல, நூற்றுக்கும் மேற்பட்ட நோய்களுக்கான பொதுப் பெயர். ஒருவருக்கு மார்பகம், ஒருவருக்கு வாய், ஒருவருக்கு ரத்தம் என்றால் ஒரே காரணம் இருக்க வாய்ப்பு குறைவு. அரிதான ஒரே வகை, இளையவர்களிடம், குறுகிய காலத்தில் தென்பட்டால் விசாரிக்கத்தான் வேண்டும். நோயின் வகை, கண்டறிந்த ஆண்டு, அப்போதைய வயது, அந்த ஊரில் வாழ்ந்த ஆண்டுகள், செய்த வேலை ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சுகாதாரத் துறையிடம் கொடுங்கள். வெறும் புகாரை ஒதுக்கிவிடலாம். இப்படிப்பட்ட பட்டியலை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

தண்ணீரைப் பற்றிய சந்தேகத்துக்கு இடம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஆர்சனிக் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய்களை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை. அதற்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. உரம் மிகுந்த வயல்களையொட்டிய கிணறுகளில் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கு 50 மில்லிகிராம். பொது விநியோகத் தண்ணீரைப் பரிசோதிக்க ஆள் இருக்கிறார்கள். சொந்தக் கிணற்றைப் பரிசோதிப்பது அந்த வீட்டாரின் பொறுப்பாகிவிடுகிறது, பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

பூச்சிக்கொல்லி பற்றிப் பேசும்போது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் வகைப்பாட்டை அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த முகமை 2015இல் கிளைபோசேட், மாலத்தியான், டயசினான் ஆகியவற்றை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பிரிவிலும், லிண்டேனை 'நிச்சயமாக உண்டாக்குபவை' என்ற பிரிவிலும் வைத்தது. அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1993 முதல் விவசாயிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வில், மொத்தப் புற்றுநோய் பொதுமக்களைவிடக் குறைவாகவே இருந்தது. முக்கியக் காரணம் அவர்கள் குறைவாகப் புகைத்தது. ஆனால் ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயும் சில ரத்தப் புற்றுநோய்களும் அவர்களிடம் அதிகமாக இருந்தன. மருந்து தெளிப்பவரின் உடலுக்குள் அது போகும் முக்கிய வழி தோல். முகத்தில் துணி கட்டிக்கொண்டு கை கால்களைத் திறந்துவிட்டால் பாதுகாப்பு இல்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணியுங்கள். தெளித்த உடையைத் தனியாகத் துவையுங்கள், காலி டப்பாவில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். புகையிலையையும் பாக்கையும் பற்றிப் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது மட்டும் இன்னும் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

இவற்றையெல்லாம் மாற்ற ஆண்டுகள் ஆகும். உடனே மாற்றக்கூடியது, முதல் அறிகுறிக்கும் திசுப் பரிசோதனைக்கும் இடையில் வீணாகும் காலம். இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று தாங்களே முடிவுசெய்துகொள்கிறார்கள். மூலமாகவே இருக்கலாம், ஆனால் ஒருமுறையாவது விரல் பரிசோதனை செய்து பார்க்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, மருத்துவருக்கும்கூட. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் உள்ள பல கட்டிகள் விரலுக்கே தட்டுப்படும், அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ரத்தப்போக்கு, விடாத வயிற்றுவலி, தொடரும் வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை ஆகிய நான்கும் இளையவர்களின் குடல் புற்றுநோய்க்கு முன்னறிவிப்புகள். இளைஞன் ஒருவனுக்கு ரத்தசோகை என்றால் சத்து மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பக் கூடாது. மாதவிடாய் இல்லாத உடலிலிருந்து ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

பாலூட்டும் தாயின் மார்பில் கட்டி வந்தால் பால் கட்டிக்கொண்டது என்பார்கள். பெரும்பாலும் அதுதான். இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், பாலூட்டுவதை அதற்காக நிறுத்தத் தேவையில்லை. இளம் பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துகொள்ளும். 'மேமோகிராம் சரியாக இருக்கிறது' என்ற காகிதத்தை நம்பிக் கையில் தட்டுப்படும் கட்டியை விட்டுவிடாதீர்கள். கழுத்தில் நெறி கட்டினால் காசநோய் மருந்தைத் தொடங்கிவிடும் வழக்கம் இருக்கிறது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் அப்படியேதான் தோன்றும், காய்ச்சலும் எடைக் குறைவும் இரவு வியர்வையும் இரண்டுக்கும் பொது. திசுவைப் பார்க்காமல் பிரிக்க வழியில்லை. தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தம் படுவதைப் பெண்கள் வெட்கத்தால் சொல்வதில்லை, விதைப்பையில் கட்டியை ஆண்கள் வெட்கத்தால் காட்டுவதில்லை. விதைப் புற்றுநோய் இளம் ஆண்களுக்கு வருவது, பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குணமாவது. அதை மறைத்து வைத்துக்கொண்டு நுரையீரல் வரை பரவவிட்டு வரும் பையனைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் ஆற்றாமையைச் சொல்லி முடியாது.

ஊசி குத்தினால் பரவிவிடும், கத்தி பட்டால் நோய் சீறும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. முறையாக எடுக்கும் பயாப்சியால், அதாவது திசுப் பரிசோதனையால், நோய் பரவும் ஆபத்து மிக அரிது. அது இல்லாமல் எந்தச் சிகிச்சையும் குருட்டுத்தனம். விதைப்பைக் கட்டி ஒரு முக்கிய விலக்கு: அங்கே ஊசி போடக் கூடாது, அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டு இடுப்பின் கவட்டை வழியாக அந்த விதையையே எடுக்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. சிறிய ஊர்களில் 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லி அரை மணி நேரத்தில் கீறி எடுத்துவிட்டு, எடுத்த சதையைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி வளர்ந்து எங்களிடம் வரும்போது, முதலில் இருந்தது என்ன என்று சொல்ல யாராலும் முடிவதில்லை. உடலிலிருந்து எடுக்கும் எந்தக் கட்டியும் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் நிறைந்த புட்டியில் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக, ஆழமாக, வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டியை ஸ்கேன் பார்க்காமல் கீறவே கூடாது. அது தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் சார்கோமா என்ற புற்றுநோயாக இருந்தால் அந்த ஒரு கீறலே அடுத்த அறுவையைப் பல மடங்கு பெரிதாக்கிவிடும். அறுவைக்கு முன்பே "இதை ஆய்வகத்துக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். அறிக்கையோடு, உங்கள் திசுவைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற வழியிருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது அவை கையில் இருந்தால் மறுபடி ஊசி குத்த வேண்டிய தேவை பல நேரங்களில் இராது.

தடுக்க முடிந்தவற்றை விட்டுவிடக் கூடாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே எச்.பி.வி. எனப்படும் மனித பாப்பிலோமா வைரஸால் வருபவை. 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது சிறந்தது. ஒரே தவணையும் போதுமான பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. நெடுந்தூரம் பயணம் செய்யும் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. 30 வயதிலிருந்து பெண்கள் செய்துகொள்ள வேண்டிய எச்.பி.வி. பரிசோதனைக்கு மாதிரியைத் தாங்களே எடுத்துக் கொடுக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், அவருக்கு வந்த வயதுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, அல்லது 40 வயதில், எது முந்தியோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். ஆகவே குடும்பத்தில் யாருக்கு எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

நோய் உறுதியானவர்களுக்கு இரண்டு விஷயங்கள். கீமோதெரபி தொடங்கும் முன்பே குழந்தைப்பேறு பற்றிப் பேசுங்கள். விந்தணுவையோ கருமுட்டையையோ உறைய வைத்துப் பாதுகாக்க முடியும், தொடங்கிய பிறகு அந்த வாய்ப்பு நழுவிவிடும். மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அடுத்தது காய்ச்சல். கீமோ கொடுத்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் போக வேண்டும். நகரத்து மருத்துவமனைக்கு நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்து சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். வீட்டுக்கு மிக அருகில், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று முதல் கீமோவுக்கு முன்பே பார்த்து வையுங்கள். என்ன நோய், என்ன மருந்து, காய்ச்சல் வந்தால் உடனே எந்த ஆன்டிபயாடிக் போட வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிய கடிதம் ஒன்றை எங்களிடம் கேட்டு வாங்கி, ஒரு நகலை அந்த மருத்துவமனையில் கொடுத்துவிட்டு, இன்னொன்றை வீட்டில் எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.