புயல் கரையில் வீட்டுக் காப்பீடு: 'பாரத் கிருஹ ரக்ஷா' எதற்குத் தரும், எதற்குத் தராது

2016 டிசம்பரில் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம்; சென்னையையும் பழவேற்காட்டையும் வெள்ளக்காடாக்கிவிட்டு ஆந்திராவில் பாபட்லா அருகே கரை கடந்தது. கும்மிடிப்பூண்டி தாண்டி ஆரம்பாக்கம், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் தடா, சூலூர்பேட்டை, பழவேற்காடு ஏரியை ஒட்டிய சிற்றூர்கள் என்று இந்த வட்டாரம் முழுக்க, ஐப்பசி பிறந்தால் வானிலைச் செய்திக்குக் காது கொடுக்காத வீடு கிடையாது. இங்கே பைக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கும், டிராக்டருக்கு இருக்கும். வீட்டுக்கு மட்டும் இருக்காது. வண்டியை நிறுத்திப் போலீஸ் கேட்கிறது. வீட்டுக்கு யாரும் கேட்பதில்லை.

"அதான் கவர்மென்ட் கொடுக்குமே" என்பார்கள். எவ்வளவு கொடுக்கும் என்று பார்ப்போம். 2022 முதல் 2026 வரைக்கான மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு ₹1,20,000. பக்கா வீட்டில் 15 சதவீதமாவது சேதம் இருந்தால் ₹6,500. அதே அளவு சேதமான, உறுதி குறைந்த கச்சா வீட்டுக்கு ₹4,000. சேதமான குடிசைக்கு ₹8,000. ஓடு பறந்து, சுவர் விரிந்து, ஃப்ரிட்ஜும் மோட்டாரும் போன ஒரு வீட்டுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு? அது நிவாரணம், நஷ்ட ஈடு இல்லை. அதை விட்டுவிடவும் கூடாது. சேதம் நடந்ததும் வருவாய்த் துறையிடம் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர், ஆந்திரப் பக்கம் கிராம சச்சிவாலயம். ஆனால் வீட்டைத் திரும்பக் கட்ட அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அதற்காக இருப்பதுதான் 'பாரத் கிருஹ ரக்ஷா'. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான வீட்டு பாலிசி இது. 2021 ஏப்ரல் 1 முதல், தீ விபத்துக் காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதைக் கட்டாயம் தர வேண்டும். அரசு நிறுவனமானாலும் தனியார் நிறுவனமானாலும் அடிப்படை வாசகம் ஒன்றே, பிரீமியம்தான் மாறும். பத்து லட்ச ரூபாய்க் கட்டடத்துக்கு ஒரு வருஷப் பிரீமியம் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 2025 செப்டம்பரில் வரி நீங்கியது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை.

புயல், சூறாவளி, வெள்ளம், நீர் தேங்குதல், சுனாமி, இடி, தீ, நிலநடுக்கம், கலவரம் எல்லாம் அடிப்படை பாலிசியிலேயே அடங்கும். ஏவுகணைச் சோதனையால் வரும் சேதம்கூடப் பட்டியலில் இருக்கிறது. இப்படி ஒரு சேதம் நடந்த ஏழு நாளுக்குள், அதைத் தொடர்ந்து வீட்டில் திருட்டு போனாலும் இழப்பீடு கேட்கலாம். முகாமுக்குப் போய்த் திரும்பி வரும்போது கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காற்றும் தண்ணீரும் ஒரே பாலிசியில் இருப்பது சாதாரண விஷயமில்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாதிரி புயல் கரைகளில் வழக்கமான வீட்டு பாலிசி காற்றுச் சேதத்துக்கு உண்டு, வெள்ளத்துக்குக் கிடையாது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி வாங்க வேண்டும். 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு, வீட்டை இடித்தது காற்றா தண்ணீரா என்றே மிசிசிப்பி, லூசியானா கரைகளில் வழக்குகள் நடந்தன. அண்மை ஆண்டுகளில் ஃப்ளோரிடாவில் பிரீமியம் எகிற, சில நிறுவனங்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. நம் பக்கம் நிலைமை தலைகீழ். பாலிசி மலிவாக, நல்ல வாசகத்தோடு இருக்கிறது. வாங்கத்தான் ஆள் இல்லை.

சரி, எவ்வளவுக்குப் போடுவது? இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மனையின் விலையைச் சேர்க்கக் கூடாது. புயல் அடித்தாலும் மனை அங்கேதான் இருக்கும். கணக்கு என்பது கார்ப்பெட் பரப்பை, அதாவது வெளிச் சுவர் நீங்கலாக உள்ளே இருக்கும் தரைப் பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குவது, அவ்வளவுதான். 600 சதுர அடி வீடு, அடிக்கு ₹1,800 ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ₹10,80,000. படிவத்தில் சதுர மீட்டர் கேட்பார்கள். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. காம்பவுண்டு சுவர், கேட், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் போன்றவையும் கட்டடத்தோடு சேர்ந்தவையே. அவற்றின் மதிப்பையும் சொல்லிவிடுங்கள். கட்டடத்துக்குப் போட்டாலே வீட்டுச் சாமான்களுக்கு அந்தத் தொகையில் 20 சதவீதம் தானாக வந்துவிடும், உச்ச வரம்பு ₹10 லட்சம். மேலே சொன்ன வீட்டுக்கு ₹2,16,000. சாமான் பட்டியல்கூடக் கேட்க மாட்டார்கள். நகைக்கு வேண்டுமென்றால் தனியாகச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணம், வண்டி வராது. வலை, படகு, கடைச் சரக்கு எல்லாம் தொழில் பொருள்கள், வீட்டுச் சாமான் ஆகாது. ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு தடாவிலோ சூலூர்பேட்டையிலோ வாடகைக்கு இருப்பவர்கள் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம்.

முன்பு ஒரு கொடுமை இருந்தது. பத்து லட்ச வீட்டுக்கு ஐந்து லட்சத்துக்குப் போட்டிருந்தால், இரண்டு லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் தருவார்கள். 'குறைத்துப் போட்டாய், பாதியை நீ ஏற்றுக்கொள்' என்பது கணக்கு. இந்த பாலிசியில் அந்த வெட்டு கிடையாது. ஐந்து லட்ச வரம்புக்குள் சேதம் எவ்வளவோ அதுவரை கேட்கலாம். ஆனால் வீடு முழுதாகப் போனால் ஐந்து லட்சத்துக்கு மேல் வராது. அதனால் சரியான தொகைக்கே போடுங்கள்.

தராதவற்றில் கடற்கரைக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது கடல் அரிப்பு. மண் உள்வாங்கினால் இழப்பீடு உண்டு என்று சொல்லும் அதே பிரிவில், கடலோ ஆறோ அரித்துப் போனதற்குக் கிடையாது என்றும் எழுதியிருக்கிறது. கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தின்று, கடைசியில் சுவர் சாய்ந்தால் இந்த பாலிசி உதவாது. என்னைக் கேட்டால், கரையோரத்துக்கு இது பெரிய ஓட்டை. அரசு தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துச் சிமெண்ட் உதிர்வதும் தேய்மானக் கணக்கில்தான் போகும். பாலிசி எடுத்த பிறகு கட்டடத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் பெரிதாக்கினால், சேர்த்துக் கட்டிய பகுதியைத் தெரிவித்துப் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

ஓலை, புல், மூங்கில், மரப்பலகை, தார்ப்பாய் கொண்ட கூரையோ சுவரோ 'கச்சா' வகை. சிமெண்ட் ஷீட் அந்தப் பட்டியலில் இல்லை. எதுவானாலும் படிவத்தில் உள்ளபடி எழுதுங்கள். ஏஜென்ட் "பக்கான்னு போட்டுடலாம்ணா" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சேதம் வந்த பிறகு அந்த ஒரு வரியே எதிராக நிற்கும்.

"எங்க வீட்டுக்கு பேங்க்லயே இன்சூரன்ஸ் போட்டுட்டாங்க" என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் காகிதத்தை ஒரு தடவை எடுத்துப் படியுங்கள். ஆரம்பாக்கம் பக்கம் ஒரு அண்ணன் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். அதில் அவர் பெயர், வயது, நாமினி எல்லாம் இருந்தன. வீட்டுக்கு எந்தெந்த ஆபத்திலிருந்து காப்பீடு என்ற விவரம் எதுவும் இல்லை. அவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு அது. கூரை போனால் ஒரு ரூபாய் வராது. வீட்டு பாலிசி என்றால் கட்டடத் தொகை, கார்ப்பெட் பரப்பு, சுவர், கூரை விவரம் இருக்க வேண்டும். சிலருக்கு உண்மையான வீட்டு பாலிசியே இருக்கும், ஆனால் மீதிக் கடன் அளவுக்கு மட்டும். அப்போது இழப்பீடு முதலில் வங்கிக்குப் போகும், கடன் முடிந்ததும் பாலிசியும் நின்றிருக்கலாம்.

எல்லைக்காரர்களுக்கு முகவரியும் ஒரு தலைவலி. 2022 ஏப்ரலில் தடா, சூலூர்பேட்டை மண்டலங்கள் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாலிசியில் சென்னை உறவினர் முகவரி என்று இருந்தால் இழுபறிதான். காப்பீடு செய்யப்பட்ட வீட்டின் கதவு எண், ஊர், மண்டலம் பாலிசியில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தப்பிருந்தால் இப்போதே எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் திருத்தச் சீட்டு, போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

வாங்குவதானால் ஆடி, ஆவணியிலேயே வாங்கிவிடுங்கள். வங்கக் கடலில் சின்னம் உருவாகி எச்சரிக்கைக் கூண்டு ஏறிய பிறகு போய் நின்றால் பெரும்பாலும் தர மாட்டார்கள். கையோடு வீட்டின் நாலு பக்கம், கூரை, உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். போன் நனைந்தாலும் படம் இருக்கும்.

சேதம் நடந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்குச் சொல்லிக் கிளெய்ம் எண் வாங்குங்கள். கிளெய்ம் படிவத்தை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மழை உள்ளே வராமல் தார்ப்பாய் கட்டலாம், கட்டவும் வேண்டும்; ஆனால் உடைந்த ஓடுகளையும் நனைந்த மெத்தையையும், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் வரை பாலிசியிலேயே உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் கேட்கலாம், நிறையப் பேர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூனில் வந்த ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி, ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை நிராகரிக்க முடியாது.

நிராகரித்தாலோ குறைத்துத் தந்தாலோ முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 'பீமா பரோசா' தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனம் மறுத்ததிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். ₹50 லட்சம் வரையான விவகாரங்களை விசாரிப்பார்கள், தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம், ஆந்திராவுக்கு ஹைதராபாத். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தும் போகலாம், பாலிசி கொடுத்த கிளை இருக்கும் இடத்தை வைத்தும் போகலாம். அதனால் தடாவில் குடியிருந்துகொண்டு சென்னைக் கிளையில் பாலிசி எடுத்தவர், ஹைதராபாத் வரை போகாமல் சென்னையிலேயே மனுவை எழுதிக் கொடுக்கலாம்.