ஸ்டாஃபிங் என்றால் பணியமர்த்தலா?

“தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை ஒருங்கிணைப்பதில் பணியமர்த்தல் கவலைகள்.” பிரிட்டன் செய்திகளைத் தமிழில் போடுகிற இடங்களில் இந்த மாதிரித் தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. படிக்கிறவருக்கு என்ன புரியும்? புதிதாக ஆள் எடுக்கப் போகிறார்கள், அதில் ஏதோ தகராறு, இடஒதுக்கீடோ சிபாரிசோ என்றுதான் புரியும். உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் தலைகீழ். தீ விபத்து அழைப்புகளை எடுக்கும் அந்த அறைகளில் ஆள் எடுக்கவில்லை, குறைக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்க எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான் சண்டையே.

ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் ஸ்டாஃபிங் (staffing). ஸ்டாஃப் என்றால் முதலில் வெறும் கைத்தடி. அப்புறம் அதிகாரம் உள்ளவன் கையிலிருக்கும் கோல், அதிலிருந்து படைத்தளபதியைச் சுற்றியிருக்கும் அதிகாரிகள், பிறகு எந்த நிறுவனத்திலும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும். அதை வினையாக்கினால், ஓர் இடம் ஓடுவதற்கு வேண்டிய ஆட்களை அங்கே இருக்கச் செய்வது. சொல்லின் கதை இவ்வளவுதான். கவனிக்க வேண்டியது ‘இருக்கச் செய்வது’ என்ற பகுதி. வேலைக்கு எடுப்பது அதில் ஒரு துண்டு மட்டுமே. யார், எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு அனுபவத்தோடு என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஸ்டாஃபிங்.

இப்போது ‘பணியமர்த்தல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்க் கடைகளில் “இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணியமர்த்தப்படவில்லை” என்று பலகை மாட்டியிருப்பார்கள். வேலைக்கு வைத்துக்கொள்வது என்ற பொருளில் சொல் அங்கே கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பொருளில் அது நல்ல சொல்தான். ஆனால் அகராதியில் ஸ்டாஃபிங்குக்கு நேரே யாரோ ‘பணியமர்த்தல்’ என்று போட்டுவிட்டார்கள் என்பதற்காக எல்லா இடத்திலும் அதையே ஒட்டினால் எப்படி? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் ‘ஆட்சேர்ப்பு’ என்கிறார்கள். அது ரெக்ரூட்மெண்ட். அதைப் படித்தால் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் மைதானமும் வரிசையில் நிற்கும் இளைஞர்களும்தான் கண்ணில் வருகிறார்கள்.

இது வெறும் சொல் சண்டை இல்லை, செய்தியே மாறிப்போகிறது. இங்கிலாந்தில் 2004-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியாக இருந்த 46 தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறைகளை மூடிவிட்டு, வட்டாரத்துக்கு ஒன்றாக 9 பெரிய மையங்களில் குவிப்பது. கணினி அமைப்பு கடைசிவரை ஒழுங்காக வந்து சேரவில்லை. 2010 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். குறைந்தது 46.9 கோடி பவுண்டு வீண் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அடுத்த ஆண்டு கணக்குச் சொன்னது. கட்டி முடித்த ஒன்பதில் எட்டு மையங்கள் அப்போது காலியாகக் கிடந்தன. பணமும் கணினியும் ஒரு பக்கம் இருக்க, தொடக்கத்திலிருந்தே தீயணைப்பாளர் சங்கம் கேட்டது ஆள் பற்றியும்தான்: 46 அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் 9 மையத்துக்கு வருவார்கள்? வீடும் பிள்ளைகளின் பள்ளியும் ஓர் ஊரில், வேலை தொலைதூர நகரத்தில் என்றால் அனுபவசாலிகள் வேலையை விட்டுவிட்டுப் போக மாட்டார்களா? இதை ‘பணியமர்த்தல் கவலை’ என்று எழுதுகிறவரை என்ன சொல்வது!

ஸ்காட்லாந்தில் அந்தக் குவிப்பு நடந்தே முடிந்தது. 2013-இல் எட்டுத் தீயணைப்புத் துறைகளையும் ஒன்றாக்கினார்கள், கூடவே எட்டுக் கட்டுப்பாட்டு அறைகள் மூன்றாயின: ஜான்ஸ்டன், எடின்பரோ, டண்டி. கடைசியாக 2016 முடிவில் இன்வர்னஸ் அறையை மூடினார்கள். வடக்கு மலைப்பகுதியின் அழைப்புகளெல்லாம் டண்டிக்குப் போயின. கேலிக் மொழிப் பெயர்களும், ஒரே பெயரில் பல இடங்களும் உள்ள பகுதி அது. பதற்றத்தில் ஒருவர் பாதி விழுங்கிச் சொல்லும் ஊர்ப் பெயரைப் புரிந்துகொள்ள, அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும் என்று அங்கே வாதிட்டார்கள். (இதையும் ‘உள்ளூர் அறிவு’ என்று மொழிபெயர்த்து வைக்கிறார்கள். இடம் தெரிந்தவர் என்று சொன்னால் போதாதா?)

குவிக்கச் சொல்லும் எதிர்த்தரப்புக்கும் கணக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் 1917-லேயே வெளியிட்ட சூத்திரத்திலிருந்து வருவது இது: பல சிறு குழுக்களைவிட ஒரே பெரிய குழு, குறைந்த ஆட்களோடு அதே அளவு அழைப்பை எடுத்துவிடும். சாதாரண நாளுக்கு அது உண்மை. ஆனால் தீ சராசரிக் கணக்குப்படி பிடிப்பதில்லையே. 2017 ஜூன் 14 அதிகாலை லண்டன் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்தபோது, உள்ளே சிக்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைத்தார்கள். அப்படி ஓர் அழைப்பை எடுத்தால், அழைத்தவர் வெளியே வரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது முறை. அப்போது ஓர் அழைப்புக்கு ஓர் ஆள் முழுதாகப் போய்விடுவார். லண்டன் அறையில் எடுக்க ஆளில்லாமல் வழிந்த அழைப்புகள் கென்ட், எசெக்ஸ், சர்ரே அறைகளுக்கும் வடமேற்கு வட்டார மையத்துக்கும் போயின. கட்டடத்தில் அந்த நிமிடம் என்ன நிலைமை என்பது அங்கே எடுத்தவர்களுக்குச் சரிவரத் தெரியவில்லை. ஸ்டாஃபிங் என்ற சொல்லுக்கு அந்த அறைக்குள் இதுதான் பொருள், இப்போது மேசையில் எத்தனை பேர் என்பது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கைத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: ஆளணி. அங்கே ‘ஆளணிப் பற்றாக்குறை’ என்று வைத்தியசாலையிலிருந்து பிரதேச சபை வரை அன்றாடம் எழுதுகிறார்கள். ஆள், அணி இரண்டும் நம் சொற்கள். அணி என்றால் ஒழுங்காக நிறுத்தப்பட்ட கூட்டம், படையணி என்பதில் இருக்கிற அதே அணி. ஸ்டாஃபும் ஒரு கட்டத்தில் படைக்குள் புகுந்து வந்த சொல்தான் என்பதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது.

தமிழ்நாட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அணி என்றால் இளைஞர் அணி, மகளிர் அணி, இல்லாவிட்டால் கிரிக்கெட் என்கிறார்கள். அதற்குப் பதில் அவர்கள் நீட்டும் ‘ஆள்பலம்’ மட்டும் என்ன வாழ்கிறது? “ஆள்பலமும் பணபலமும்” என்று தேர்தல் நேரத்தில் கேட்டுக் கேட்டு அடியாள் வாடை ஏறிய சொல் அது. ‘ஆள் பற்றாக்குறை’ தெளிவான சொல், ஆனால் தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. போதுமான ஆள் இருந்தாலும் அதுவும் ஸ்டாஃபிங்தானே. ‘பணியாளர் எண்ணிக்கை’ பரவாயில்லை, ஆனால் தலையை மட்டும் எண்ணும், இருபது வருட அனுபவத்தை எண்ணாது. ‘மனிதவளம்’ பற்றிப் பேச எனக்குப் பொறுமையில்லை.

ஆளணியிலும் ஒரு சிக்கல் உண்டு. இலங்கையில் அது அனுமதிக்கப்பட்ட பதவிகளின் தொகை என்ற பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அதனால் இன்றிரவு யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்ல ‘பணியிலுள்ள ஆளணி’ என்று ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே தலைப்புகளில் வரும் ‘மத்தியமயமாக்கல்’ இன்னொரு கொடுமை. மத்திய என்றதும் இந்தியாவில் படிக்கிறவருக்கு டெல்லிதான் தெரியும். வட்டாரத்துக்கு ஒன்றாகக் குவித்தல் என்று நீட்டி எழுதினால் குறைந்தா போய்விடும்? இது பரவாயில்லை, ஒயிட் வாட்ச் என்பதை ‘வெள்ளைக் கண்காணிப்பு’ என்று போட்டதையும் பார்த்திருக்கிறேன். அங்கே தீயணைப்பு வேலையில் ஷிஃப்ட் குழுக்களுக்கு நிறத்தின் பெயர் வைப்பார்கள், சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று. முறைக்குழு என்றால் முடிந்தது. கேள்வி கேட்காமல் அகராதியின் முதல் வரியை அப்படியே அள்ளிப்போடுகிறவர்களுக்குக் கையில் கிடைத்த எந்தச் சொல்லும் ஒன்றுதான்.

ஆளணி பிடிக்காதவர்கள் பெயர்ச்சொல்லையே விட்டுவிடுங்கள். “வட்டார மையத்தில் இரவில் அழைப்பை எடுக்கப் போதிய ஆள் இருப்பார்களா? தீயணைப்பாளர் சங்கம் கேள்வி” என்று தலைப்பு வைத்தால் எவருக்கும் புரியும்.