137 வாக்கில் ஜெயித்தவர் 102 வாக்கில் தோற்றது எப்படி?

அமெரிக்காவின் சின்ன மாநிலங்களில் ஒன்று வெர்மான்ட். அரசின் வரவு செலவைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரையும் அங்கே மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. 2006 நவம்பரில், பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ராண்டி பிராக் 137 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாகக் கணக்கு வந்தது. ஜனநாயகக் கட்சியின் தாமஸ் சால்மன் மறு எண்ணிக்கை கேட்டார். டிசம்பரில் பார்த்தால், 102 வாக்கு முன்னிலையில் சால்மன்! ஊர்க் கணக்கைச் சரிபார்க்கும் பதவிக்கே கணக்கை இரண்டு தரம் பார்க்க வேண்டியிருந்தது.

அதே வாக்குச்சீட்டுகள்தானே, விடை எப்படி மாறும்?

பதிவானவை சுமார் 2.5 லட்சம் வாக்குகள். வித்தியாசம் நகர்ந்தது 239. ஒருவருடைய சீட்டு தவறி மற்றவர் கட்டில் சேர்ந்தால் இவருக்கு ஒன்று குறையும், அவருக்கு ஒன்று கூடும். ஆக, சுமார் 120 சீட்டுகள் இடம் மாறினாலே போதும். இரண்டாயிரத்தில் ஒன்று.

பிழை நுழைய வழிகள் நிறைய. வாக்குச்சீட்டைப் படிக்கும் ஸ்கேனர், பெயருக்குப் பக்கத்தில் வாக்காளர் நிரப்ப வேண்டிய நீள்வட்டத்துக்குள் போதுமான கருமை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். வட்டத்தை நிரப்பாமல் பெயரைச் சுற்றிக் கோடு போட்டவரின் வாக்கு அதற்கு வெற்றிடம்; மனிதக் கண்ணுக்கோ அவர் யாரை நினைத்தார் என்பது தெளிவு. சிற்றூர்களில் கையால் எண்ணுகிறார்கள். அங்கே சிக்கல் வேறு: இரவு நேரம், அசதி, ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள்.

இப்படி ஒவ்வொன்றாக வரும் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும். நாணயம் சுண்டுவது போலத்தான். இரு பக்கமும் சம வாய்ப்போடு 1,000 பிழைகள் நேர்ந்தால், மிஞ்சும் சாய்வு ஏறக்குறைய 1,000-இன் வர்க்கமூலம், அதாவது முப்பது சொச்சம். எனவே நான் அதிகம் பயப்படுவது எழுத்துப் பிழைக்குத்தான். 271 என்பதை யாரோ 217 என்று எழுதிவிட்டால் ஒரே கிறுக்கலில் 54 வாக்கு போச்சு. அதை அடிக்க எதிர்ப்பக்கம் அதே மாதிரி ஒரு தவறு நடக்க வேண்டும். அது அவ்வளவு எளிதில் நடக்காது.

பிராக் தோல்வியை ஒப்புக்கொண்டார். 2007 ஜனவரியில் சால்மன் பதவியேற்றார். அப்புறம் 2009-இல் அவரே பிராக்கின் கட்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்.