ஏழு நிமிட ஆட்டமும் தசைக்குள் நடக்கும் கைமாற்றும்

ஹாங்காங் செவன்ஸ் ரக்பியை முதன்முதலாகத் தொலைக்காட்சியில் பார்த்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஒரு பாதிக்கு ஏழே நிமிடம்தான். அதற்குள் இவ்வளவு வாட்டசாட்டமான ஆட்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார்களே, ஏன்? அப்படி நின்றவர்களே அரை நிமிடத்தில் மறுபடியும் பிய்த்துக்கொண்டு ஓடுகிறார்களே, அது எப்படி?”

இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதலில் போட்டியைப் பற்றிக் கொஞ்சம்.

ஏழு பேர் ஆடும் ரக்பி பிறந்தது ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் ஊரில், 1883ல். உள்ளூர் ரக்பி கிளப்புக்குப் பணம் திரட்ட ஒருநாள் போட்டி நடத்தலாம், ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னவர் நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர். ஹாங்காங்கில் ஆண்டுதோறும் நடக்கும் சர்வதேசப் போட்டி 1976 மார்ச்சில் தொடங்கியது. அன்று வந்தவை பன்னிரண்டு அணிகள்; இலங்கையும் அதில் உண்டு. 1982ல் அரசு மைதானத்துக்கு மாறியது. 2025 முதல், பழைய விமான நிலையம் இருந்த காய் டாக்கில் கட்டிய புது மைதானத்தில் நடக்கிறது. 2015 முதல் 2019 வரை ஐந்து வருடமும் கோப்பையைத் தூக்கிச் சென்றது ஃபிஜி.

சரி, ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது? ஆளைக் குறைத்தார்கள், மைதானத்தைக் குறைக்கவில்லை. 100 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் வழக்கமான ரக்பியில், இரு அணிகளையும் சேர்த்துப் பார்த்தால், தலைக்குச் சுமார் 233 சதுர மீட்டர் வரும். செவன்ஸில் 500. ஒருவர் தவறவிட்டால் பின்னால் பிடிக்க ஆளில்லை. ஆகவே எல்லாருக்கும் எப்போதும் முழுவேக ஓட்டம்தான்.

தசை சுருங்கும்போது நேரடியாகச் செலவாவது ஏடிபி, அதாவது பாஸ்பேட்டுகள் கோத்த ஆற்றல் மூலக்கூறு. இது பள்ளிப் பாடம்தான். தசையில் இருக்கும் ஏடிபி, முழுவேக ஓட்டத்தில் இரண்டு மூன்று வினாடிக்குத்தான் காணும். சர்க்கரையை உடைத்தோ ஆக்சிஜனைக் கொண்டோ புதிதாகச் செய்யலாம், ஆனால் இரண்டும் சூடுபிடிக்க நேரமாகும். அதுவரை ஓட்டம் நிற்காமல் இருப்பதற்குக் காரணம் பாஸ்போகிரியேட்டின் என்ற இன்னொரு மூலக்கூறு. ஓய்வில் இருக்கும் தசையில் இது ஏடிபியைப் போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்த மறுகணமே, பாஸ்போகிரியேட்டின் தன்னிடம் உள்ளதைக் கைமாற்றாகக் கொடுத்துவிடுகிறது. ஒரே நொதி, ஒரே படி, ஆக்சிஜன் தேவையில்லை. ஆனால் சில வினாடி ஓட்டத்திலேயே கையிருப்பில் கணிசமான பங்கு கரைந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ், பாஸ்டனில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து பாஸ்பேட்டை அளக்க ஒரு முறையை உருவாக்கினார். கரைசலில் அமிலமும் மாலிப்டேட்டும் வினைப்பொருளும் சேர்த்தால், பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நீல நிறம் ஏறும். தசைச் சாற்றில் மட்டும் அந்த நீலம் சொன்ன நேரத்தில் வரவில்லை. தாமதமாக வந்து, மேலும் மேலும் அடர்ந்துகொண்டே போனது. சோதனை சரியில்லை என்று கொட்டிவிட்டுப் போயிருக்கலாம். இவர்கள் விடவில்லை. எதனோடோ லேசாக ஒட்டியிருக்கும் பாஸ்பேட், அமிலத்தில் மெல்ல மெல்லக் கழன்று வருகிறது என்று பிடித்துவிட்டார்கள். பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருந்த அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியேட்டின். மின்தூண்டலால் தசையைச் சுருங்க வைத்தால் அது குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மறுபடி சேர்ந்தது. இது 1927ல். ஏறக்குறைய அதே சமயத்தில் இங்கிலாந்திலும் இதைக் கண்டார்கள்.

அந்த ஓய்வில்தான் வாசகரின் கேள்விக்கு விடை இருக்கிறது. கைமாற்று வாங்கும்போது ஆக்சிஜன் வேண்டாம், திருப்பிக் கட்டும்போது கட்டாயம் வேண்டும். ஹாங்காங் போட்டி தொடங்கிய அதே 1976ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. உடற்பயிற்சி முடிந்ததும் தொடையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்தினார்கள், பாஸ்போகிரியேட்டின் ஊறவில்லை. பட்டையைத் தளர்த்தியதும் ஊற ஆரம்பித்தது. ரத்த ஓட்டம் தடையில்லாமல் இருந்தால் பாதி கையிருப்பு அரை நிமிடத்துக்குள் திரும்பிவிடும், மீதிக்குச் சில நிமிடங்கள் ஆகும். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்த வீரர் வாங்கும் மூச்சில் ஒரு பங்கு இந்தக் கடனுக்குத்தான் போகிறது.

ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) போட்ட பிறகு, கன்வெர்ஷன் எனப்படும் கூடுதல் புள்ளிக்கான உதைக்குக் கிடைக்கும் அரை நிமிட இடைவெளி எவ்வளவு பெரிய சொத்து என்று இப்போது தெரியும்.

நம் ஊர் ஜிம்களில் இன்னும் சிலர், மறுநாள் உடம்பு வலிப்பதற்கு, சர்க்கரையை வேகமாக உடைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் தேங்கியதுதான் காரணம் என்கிறார்கள். அது ஒரு மணி நேரம் போலத்தான் மிகுந்து நிற்கும், அப்புறம் இதயமும் மற்ற தசைகளும் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டுவிடும். மறுநாள் வலி, தசை நார்களில் விழும் நுண்ணிய கிழிசல்களால் வருவது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுப்பாராவ் யாருக்கும் பதக்கம் வாங்கித்தர உட்காரவில்லை, பாஸ்பேட்டைச் சரியாக அளக்க உட்கார்ந்தார். பதக்கம் வந்ததும் பரிசுத்தொகை அறிவிக்கிறோம், நல்லதுதான். அதில் ஒரு சிறு பங்கையாவது, என்ன பயன் என்று கேட்காமல், நம் கல்லூரி ஆய்வகங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபிஜி அணியைத்தான் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். பிடிபட்டுக் கீழே விழும்போதே பந்தை அடுத்தவருக்குத் தட்டிவிடுவார்கள். ஆட்டம் நிற்காது, எதிரணிக்குக் கடனைக் கட்ட நேரமே கிடைக்காது. அதே இடைவெளி அவர்களுக்கும்தான் கிடைக்காது. ஆகவே ஆக்சிஜனை வேகமாகப் பயன்படுத்தும் உடம்பு அவர்களுக்கு வேண்டும். அன்றைய பயிற்சியாளர் பென் ரயன் அவர்களை ஃபிஜியின் சிகடோகா மணல்மேடுகளில் ஏறி ஓட வைத்தார். 2016 ரியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரிட்டனுக்கு எதிராக முதல் பாதி முடியும்போதே 29–0. முடிவில் 43–7. ஃபிஜி நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான்.